தெரிந்தவர்கள்

சென்னையில் ஆறு ஆண்டுகள் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, திருமணமாகிக் கோவைக்கு வந்தேன். இங்கே நேர்காணலில் முதல் கேள்வி: “உங்க வீட்டுக்காரர் எந்த ஊருங்க?” ஊரைக் கேட்பது பல நேரம் சாதியைக் கேட்பதுதான்.

தெரிந்தவர் மூலம் ஆள் எடுப்பதை நம்பிக்கை என்கிறார்கள். அது கல்லூரியிலும் டீக்கடையிலும் சொந்தபந்தத்திலும் வளர்வது. திருமணத்தால் ஊர் மாறும் பெண் அதை அங்கேயே விட்டுவிட்டு வருகிறாள்.

சாதி, பால், பிறந்த இடம், வசிப்பிடம் பார்த்து வேலை மறுக்கக்கூடாது என்கிறது அரசமைப்பின் 16(2) பிரிவு. ஆனால் அரசுப் பணிக்கு மட்டும். தனியாரில் ‘தெரிந்தவர்’ என்ற ஒரே சொல் நான்கையும் பார்த்துவிடுகிறது.

நம்புவது அறம்தான். நம்பத் தகுந்தவள் என்று காட்ட வாய்ப்பே தராத நம்பிக்கை அறமாகுமா? வேலை காலியிருப்பதை எல்லோருக்கும் அறிவியுங்கள். வேலையில் சேர்ந்த பிறகு தெரிந்தவர்களாகிக்கொள்வோம்.