வீடு தேடி வந்த அமானிதம்

அமானிதம் என்னும் சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவை பணமும் நகையுமே. ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அண்டை வீட்டார் ஒப்படைத்துச் சென்ற நகைப்பெட்டி, கூட்டாளி நம்பிக் கொடுத்த முதல், அநாதைப் பிள்ளையின் சொத்து ஆகியவற்றையே அமானிதம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். சபுர் சென்ற உறவினரின் பெயருக்கு நம் வீட்டு வாசலில் வந்து சேரும் வரி அலுவலகக் கடிதத்தை அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

நம் ஊர்களின் வாழ்க்கை முறையே இக்கேள்வியை நம்முன் நிறுத்துகிறது. பிழைப்புக்காகக் கடல் கடந்து செல்பவர் தம் முகவரியை ஊரிலேயே விட்டுச் செல்கிறார். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமகன் மணமகள் வீட்டுக்குக் குடிபோவது வழக்கம். ஆனால், திருமணத்துக்கு முன் பதிந்த வங்கிக் கணக்கிலும் வருமான வரி அட்டையிலும் தாய்வீட்டு முகவரியே நிலைத்துவிடுகிறது. ஆகவே, துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனுக்குரிய கடிதத்தை உம்மாவோ, தம்பியோ, காக்காவின் மனைவியோ கையொப்பமிட்டு வாங்குகின்றனர். “அவன் ஊருக்கு வரும்போது கொடுத்துக்கொள்ளலாம்” என்ற சொல்லோடு அது அலமாரியின் மேல் ஏறிவிடுகிறது. அவன் வருவதோ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை!

நகையைப் பூட்டி வைத்தால் அது நகையாகவே இருக்கும். வரிக் கடிதம் அத்தகையதன்று. அந்த உறைக்குள் இருப்பது காலம்; பூட்டி வைத்தாலும் கரைந்துகொண்டே போகும் பொருள் அது. வருமான வரித்துறை அனுப்பும் கேட்பு அறிவிப்புக்குப் பொதுவாக 30 நாள் தவணை. அது கடந்தால் மாதத்துக்கு 1 விழுக்காடு வட்டி ஏறும். மேல்முறையீடு செய்யும் காலமும் 30 நாள்தான். கேட்ட விளக்கத்துக்குப் பதில் வராவிட்டால், அதிகாரி தம்மிடமுள்ள தகவலைக் கொண்டே வரியைத் தீர்மானிக்கலாம். வெளிநாட்டில் குடியிருப்பவர் அங்கே உழைத்துப் பெற்ற ஊதியத்துக்கு இங்கே வரியில்லை. ஆனால், அந்தப் பணத்தில் பெருந்தொகைக்கு மனை வாங்கினால், பதிவு அலுவலகத்திலிருந்து அத்தகவல் வரித்துறைக்குப் போகிறது. “இப்பணம் எங்கிருந்து வந்தது?” என்று கடிதம் வருகிறது. பதில் சொல்ல வேண்டியவன் பாலைவனத்தில் வெயிலில் நிற்கிறான். கேள்வியோ அலமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கிறது. ஹலாலாக ஈட்டிய பணம், பதில் இல்லாத காரணத்தாலேயே கணக்கில் வராத பணமாகிவிடுகிறது.

வாங்க மறுத்துவிட்டால் தீர்ந்தது என்று கருதுவோரும் உளர். சரியான முகவரியிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம், மாறாக மெய்ப்பிக்கப்படாதவரை, போய்ச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்பது 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம் வகுத்த நெறி. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. கையொப்பமிட்டு வாங்கும் பொறுப்பு மறைந்துவிடவில்லை. “அப்படி ஒருவர் இங்கே இல்லை” என்று தபால்காரரிடம் சொல்வது பொய். “அவர் வெளிநாட்டில் இருக்கிறார்” என்பதே உண்மை. உண்மையைச் சொல்வதால் எவருக்கும் கேடில்லை.

“நாம் கேட்டா அக்கடிதம் வந்தது? நமக்கென்ன பொறுப்பு?” என்று வினவலாம். இதற்கு நம் ஃபிக்ஹு நூல்களிலேயே விடை உண்டு. காற்று ஒருவருடைய துணியைத் தூக்கிவந்து மற்றொருவர் வீட்டில் போட்டுவிட்டால், அத்துணியின் நிலை என்ன என்று ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் ஆராய்ந்திருக்கின்றனர். வீட்டுக்காரர் அதைக் கேட்கவில்லை, துணிக்காரர் ஒப்படைக்கவுமில்லை. ஆயினும் அது அமானிதமே. அதுமட்டுமன்று, விரும்பி ஏற்ற அமானிதத்தை உரியவர் கேட்கும்வரை வைத்திருக்கலாம், காற்று கொணர்ந்த துணியையோ, இயன்றவுடன் சேர்ப்பிக்க வேண்டும், அல்லது அறிவிக்க வேண்டும். தாமதித்தவர் இழப்புக்குப் பொறுப்பாளியாகிறார். தபால் கொணர்ந்த கடிதத்துக்கும் இதைவிடப் பொருத்தமான உவமை வேறென்ன வேண்டும்?

அப்படியானால் உடனே பிரித்துப் படித்துவிடலாமா? இங்கேதான் மற்றோர் எல்லை குறுக்கிடுகிறது. பிறர் இல்லத்தில் அனுமதியின்றி நுழையலாகாது என்று திருமறையின் 24ஆம் அத்தியாயம் 27ஆம் வசனம் விதிக்கிறது. துருவி ஆராய்வதை 49ஆம் அத்தியாயம் 12ஆம் வசனம் தடுக்கிறது. ஒட்டிய உறையும் ஒரு வாசற்கதவே. சகோதரனின் கடிதத்தை அனுமதியின்றிப் பார்ப்பதைக் கண்டிக்கும் ஓர் அறிவிப்பு அபூதாவூதின் தொகுப்பில் உண்டு. அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று அவர்களே குறித்திருக்கின்றனர். எனினும், மேற்கண்ட வசனங்களின் கருத்துக்கு அது இசைவானதே. வரிக் கடிதத்தில் ஒருவரின் வருமானம், சேமிப்பு, கடன் யாவும் வெளிப்பட்டுவிடும். பாகப் பிரிவினை முடியாத வீட்டில், “காக்காவிடம் இவ்வளவு இருக்கிறதாமே!” என்ற ஒரு சொல் உடன்பிறந்தவர்களைப் பிரிக்கப் போதும்.

இவ்விரு கடமைகளும் ஒன்றோடொன்று மோதுவனபோல் தோன்றினும், உண்மையில் மோதுபவை அல்ல. அறிவிப்பது நம் கடமை. படிப்பது அவர் உரிமை. உறையின் மேலுள்ள அலுவலகப் பெயரையும் வந்த நாளையும் அன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். பிரிக்கச் சொன்னால் பிரித்து, எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பிவிட்டு, கண்டதை நெஞ்சுக்குள் புதைத்துவிட வேண்டும். கடிதங்கள் கப்பலேறிச் சென்ற காலத்தில் தாமதத்துக்குச் சமாதானம் இருந்தது; கைபேசி வந்தபின் அதுவும் இல்லை. அறிவிப்புகள் மின்னஞ்சலிலும் வரும் இந்நாளில், அண்ணனின் கணக்கோடு தம்பியின் கைபேசி எண் இணைந்திருப்பதுண்டு. அதில் வரும் செய்திக்கும் சட்டம் ஒன்றே.

எவ்வகையிலும் அவரை எட்ட முடியாதபோது என்ன செய்வது? கேடு வருமென்று அஞ்சும் அளவுக்கு, பொறுப்புள்ள ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பிரிப்பது நிர்ப்பந்தத்தின்பாற்படும். ஆனால், அவர் பெயரில் நாம் கையொப்பமிட்டுப் பதில் அனுப்புவது உதவியாகாது. அது பொய்ச் சான்று. அவர் எழுத்து மூலம் அதிகாரம் அளித்தவரே அவருக்காகப் பேசலாம்.

கடிதத்தை மறைப்போர் எல்லாரும் தீயவர் அல்லர். “தூரத்தில் தனியே கிடக்கும் பிள்ளை, கவலைப்படுவானே” என்றெண்ணும் உம்மாவின் உள்ளத்தில் இருப்பது அன்பு மட்டுமே. அந்த அன்பை நாம் மதிக்கிறோம். ஆயினும், அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பிக்குமாறு திருமறையின் 4ஆம் அத்தியாயம் 58ஆம் வசனம் கட்டளையிடும்போது, நமக்கு இரக்கம் தோன்றினால் நிறுத்திக்கொள்ளலாம் என்று விலக்கு அளிக்கவில்லை. கவலையை மகனிடமிருந்து மறைக்கும் அன்பு, அதைத் தீர்க்கும் வாய்ப்பையும் அல்லவா மறைத்துவிடுகிறது?

சபுர் செல்வோருக்கும் கடமை உண்டு. புறப்படுமுன் முகவரியை மாற்றுவதும், தம் கடிதங்களை யார் பிரிக்கலாம் என்பதை எழுத்தில் தந்து செல்வதும் அவர்களின் பொறுப்பு. கேளாமலே ஒருவர் தலையில் சுமையை ஏற்றிவிட்டுப் பின்னர் அவரைக் குறைகூறுவது நீதியாகாது.

கி.பி. 622இல் மக்காவைத் துறந்த இரவில், தம்மிடம் மக்கத்தார் நம்பி வைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் விட்டுச் சென்றார்கள் என்று வரலாறு கூறுகிறது. உயிருக்கே உலை வைக்கத் துணிந்த ஊராரின் அமானிதம்கூட அன்று மறக்கப்படவில்லை. நம் கூடப்பிறந்தவரின் பெயர் தாங்கி வந்த உறையை ஒரு நாள்கூட அலமாரியில் உறங்கவிடாதிருப்போமாக!