பார்த்தவர்களின் படம் எங்கே?

2010ஆம் ஆண்டு இலங்கைப் பொலிஸார் எண்பதுக்கும் மேற்பட்டவர்களின் முகங்களைப் பத்திரிகைகளில் வெளியிட்டார்கள். இணையத்தில் உலவிய ஆபாசப் படங்களில் காணப்பட்டவர்கள் இவர்கள், தெரிந்தவர்கள் அடையாளம் சொல்லுங்கள் என்பது வேண்டுகோள். பெரும்பாலும் பெண்கள். யார் விரும்பி நடித்தார், யாரைக் காதலன் களவாகப் படம் பிடித்தான் என்ற கேள்விக்கெல்லாம் அந்தப் பக்கத்தில் இடமில்லை. சட்டம் என்னவோ பழையதுதான். ஆபாச வெளியீடுகளுக்கு எதிரான கட்டளைச்சட்டம் 1927இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தப் படங்களைப் பார்த்தவர்களின் முகம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. காலையில் அவர்களும் அதே பத்திரிகையை வாங்கி, அந்த முகங்களை இன்னொரு தடவை பார்த்திருப்பார்கள்.

வேதம் வாசிக்கிறவர்களுக்கு இது பழகிய காட்சி. யோவான் எட்டாம் அதிகாரத்தில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவின் முன் இழுத்துவந்து நிறுத்துகிறார்கள். லேவியராகமம் ஆணையும் பெண்ணையும் சேர்த்தே குற்றவாளி என்கிறது. ஆணை மட்டும் காணோம். இயேசு அந்தப் பெண்ணிடம் பாவமே நடக்கவில்லை என்று சொல்லவில்லை. பழைய வழிக்குத் திரும்பாதே என்று சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் அதை எப்போது சொன்னார்? கல் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகு. முதலில் கல்லை அகற்றினார், பிறகே பாவத்தைப் பேசினார். இந்த வரிசையை நம் சபைகள் தலைகீழாக்கிவிட்டன என்பதே என் மனக்குறை.

எங்கள் தெஹியோவிட்டவைச் சுற்றி இறப்பர்த் தோட்டங்கள். மேலே ஏற ஏறத் தேயிலை. லயத்துக் காம்பரா என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி. நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாத லயங்கள் இன்றும் உண்டு. ஒரு வீட்டில் புருஷன் பெண்சாதி முணுமுணுத்தால் அடுத்த வீட்டுப் பாட்டிக்குக் கேட்கும். உன் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி அந்தரங்கமாக ஜெபம் பண்ணு என்கிற மலைப் பிரசங்கப் போதனையை நான் இங்கே பேசும்போதெல்லாம் ஒரு கூச்சம் வரும். எந்த அறைக்குள் போவார்கள்? ஆறு பேருக்கு ஒரே காம்பரா.

அந்த அறை கடைசியில் கிடைத்தது, கைத்தொலைபேசியாக. 2020இல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பாடம் வட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். நகையை அடகு வைத்துப் பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுத்த பெற்றோரை நான் அறிவேன். சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகள் பாடத்தையும் பார்த்தார்கள், வேறு பலவற்றையும் பார்த்தார்கள். தோட்டத்துப் பையன் ஒருவனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்கென்று கதவு பூட்டிய ஓர் இடம் வாய்த்தபோது, அதற்குள்ளே யார் காத்திருந்தார்கள் என்று நாம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இதில் பையன்களை மட்டும் சொல்வது அநியாயம். காலை வேலைப் பிரட்டுக்கு விடியமுன் எழும்பவேண்டிய தகப்பன்மாரும் நள்ளிரவில் போர்வைக்குள் வெளிச்சம் வைத்துக்கொண்டு கிடக்கிறார்கள்.

குடியைப் பற்றி எங்கள் சபைகளில் பிரசங்கத்துக்குப் பஞ்சமில்லை. 1854இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தமிழ் கூலி மிஷன் தொடங்கிய நாள்முதல் உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து வந்த பாரம்பரியம் நமக்கு உண்டு. சாராயத்தைக் கண்டிப்பது அதில் ஒரு பகுதி. ஆபாசப் படத்தைப் பற்றி மட்டும், வாலிபர்களைப் பயமுறுத்துவதற்குத் தவிர, வாயே திறப்பதில்லை. என் மனைவி ஆசிரியை என்பதால் பெண்கள் அவளிடம் பேசுவார்கள். ஒருத்தி சொன்னாளாம்: "குடிச்சிட்டு வந்தா வாடையிலயே தெரிஞ்சிரும் டீச்சர். இது தெரியமாட்டேங்குதே. பக்கத்துல படுத்திருக்காரு, ஆனா என்னைய பார்க்கிறதில்ல." ஆபாசப் படம் யாருக்கும் கெடுதல் செய்யாத தனிப்பட்ட விஷயம் என்று வாதாடும் படித்தவர்கள் இந்தப் பேச்சை ஒருமுறை கேட்கவேண்டும்.

இச்சையோடு பார்ப்பதே உள்ளத்தில் செய்த விபசாரம் என்று இயேசு சொன்னதைக் காட்டி வாலிபர்களைப் பயமுறுத்துவது சுலபம். அதைக் கேட்ட வாலிபன் என்ன செய்கிறான்? இனிப் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்கிறான். சனிக்கிழமை இரவு சத்தியம் உடைகிறது. ஞாயிறு ஆராதனைக்கு வந்து கடைசி வாங்கில் உட்காருகிறான், திருவிருந்துக்கு எழும்பாமல். சில மாதத்தில் ஞாயிறும் வருவதில்லை. சபை மூப்பர்கள் அதை ஆவிக்குரிய குளிர்ச்சி என்கிறார்கள்.

சத்தியம் உடைவது புதிதல்ல. சபைப் பிதா அகுஸ்தீனார் தன் வாழ்க்கையைக் கடவுளிடம் ஒப்புவித்து எழுதிய நூலின் ஆறாம் பாகத்தில் தன் நண்பன் அலிப்பியுவைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறார். ரோமாபுரியில் சட்டம் படிக்கப்போன அலிப்பியுவை நண்பர்கள் வற்புறுத்தி வாட்போர் அரங்குக்குக் கூட்டிப்போகிறார்கள். அவனுக்கு அந்தக் கொலைக் கேளிக்கை அருவருப்பு. உடம்பு அங்கே இருந்தாலும் மனம் இருக்காது என்று சவால்விட்டுக் கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். ஒரு வீரன் விழுகிறான். கூட்டம் ஓவென்று கத்துகிறது. என்னதான் ஆனது என்று ஒரு கணம் கண்ணைத் திறக்கிறான், அவ்வளவுதான். அதன்பின் மற்றவர்களையும் அங்கே அழைத்துப்போகிறவனாகிவிடுகிறான். அவன் தோற்றது தன் வைராக்கியத்தையே நம்பியதால் என்பது அகுஸ்தீனாரின் கணிப்பு. எனக்கு இதில் விழுந்த அந்த வீரனின் நினைவுதான் வருகிறது. அவன் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. பார்க்கிறவன் ஆத்துமாவைப் பற்றிக் கவலைப்படும்போதும் பார்க்கப்படுகிறவரை மறந்துவிடுவது எவ்வளவு லேசாக நடக்கிறது!

தாவீதின் கதையிலும் இதுவே. பத்சேபாளை மாடியிலிருந்து பார்த்தான், வரவழைத்தான், அவள் புருஷன் உரியாவைக் கொல்ல ஏற்பாடு செய்தான். ஐம்பத்தோராம் சங்கீதத்தில் கடவுளுக்கு மட்டுமே விரோதமாகப் பாவம் செய்ததாக அழுகிறான். உரியா? பத்சேபாள்? நாத்தான் தீர்க்கதரிசி அவனைவிடத் தெளிவாகப் பார்த்தார். ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்த கதையைச் சொல்லித்தான் ராஜாவின் கண்ணைத் திறந்தார். சந்தியில் நின்று கூவாமல், நேரில் போய்ச் சொன்னார் என்பதையும் கவனிக்கவேண்டும். கிருபை என்பது கடவுள் கண்டும் காணாமல் விடுவதல்ல. நான் பார்த்துத் தீர்த்த பெண்ணையும் அவர் ஒரு மகளாகப் பார்க்கிறார் என்பதை என்னைத் தாங்கவைக்கிற பெலம் அது. அந்த உண்மை உறைக்காத மன்னிப்பு வெறும் ஆறுதல். அடுத்த சனிக்கிழமை வரைக்கும்தான் தாங்கும்.

அலிப்பியு பிறகு மீண்டான். 386இல் மிலான் தோட்டத்தில் அகுஸ்தீனார் உடைந்து அழுத நாளில் அவன் அருகிலேயே இருந்தான். தனக்கு நடந்ததை அகுஸ்தீனார் முதலில் அவனிடம்தான் சொன்னார். அடுத்த வருஷம் பாஸ்காவுக்கு இருவரும் ஒன்றாக ஞானஸ்நானம் பெற்றார்கள். தனியாக எவரும் கரையேறவில்லை.

கத்தோலிக்கருக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. குருவானவர் வெளியே சொல்லமாட்டார் என்கிற உறுதியும் இருக்கிறது. நம்மவர் கடவுளிடம் நேரே அறிக்கை செய்தால் போதும் என்று சொல்லி, ஒருவருக்கொருவர் பாவங்களை அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபின் நிருபத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். காரணம் வேதசாஸ்திரமல்ல, பயம். இன்றைக்கு மூப்பரிடம் சொன்னால் நாளைக்குத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சாகிவிடும். வேதக்காரர் வீட்டுப் பையன் இப்படி என்று லயமே சிரிக்கும். அந்தப் பயம் பொய்யுமல்ல, நடந்திருக்கிறது.

ஆகவே சபை மூப்பர்களுக்கு ஒன்று சொல்வேன். வாலிபர் கூட்டத்தில் இன்னொரு பிரசங்கம் வேண்டாம். கேட்டதை வீட்டில் எவரிடமும் சொல்லாத இரண்டு பேரைச் சபையில் கண்டுபிடியுங்கள், ஓர் ஆண், ஒரு பெண். கணவனால் காயப்பட்டவளுக்கும், தன் படத்தை வைத்து மிரட்டப்படும் பெண்ணுக்கும் அதே கதவு திறந்திருக்கட்டும். சிறுபிள்ளைகளின் படம் என்றால் அது ஜெபத்தோடு முடிக்கிற காரியமல்ல. 1995இல் திருத்திய தண்டனைச் சட்டக்கோவையின்படி அது குற்றம், சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழைத்துச் சொல்லியாகவேண்டும். யாருடைய படமாவது உங்கள் வட்ஸ்அப்புக்கு வந்தால், தயவுசெய்து இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.