முன்பின் மாறா வரிசை

‘நிலை’ என்னும் பெயர் ‘நில்’ என்னும் வினையடியில் பிறந்தது. வரிசையாக்கத்தைக் கணினியியலார் நிலையானது, நிலையற்றது என்று பகுக்கும்போது இந்த வேரே மாணவரை முதலில் வழிதவறச் செய்கிறது. ஏதோ ஒன்று அசையாமல் நிற்கும் என்று அவர் எண்ணிக்கொள்கிறார். வரிசையாக்குவது என்பதே உறுப்புகளை இடம்பெயர்ப்பது. அதில் இடம் நிற்பதில்லை, முன்பின் என்னும் உறவு நிற்கிறது. அதுவும் ஒப்பீட்டில் சமம் என்று தீர்ந்த உறுப்புகளுக்கிடையே மட்டும். ஆகவே ‘முன்பின் மாறாமை’ என்ற தொடரே பொருளுக்கு நெருக்கமானது என்பது என் கருத்து.

இனி, சமம் என்ற சொல்லை நிறுத்திப் பார்க்க வேண்டும். சமம் வேறு, ஒன்றே என்பது வேறு. மதிப்பெண்ணால் அடுக்கும்போது 82 பெற்ற இரு மாணவர் சமம், ஆயினும் அவர்கள் இருவர். அளவுகோல் காணாத வேறுபாடு ஒன்று எஞ்சியிருக்கும் இடத்தில்தான் முன்பின் என்ற கேள்வி எழுகிறது. வெறும் முழு எண்களை அடுக்கினால் ஒரு 82-ஐ இன்னொரு 82-லிருந்து பிரித்தறிய வழியில்லை, கேள்வியும் இல்லை. ஜாவா மொழியின் நூலகம் இந்த நுட்பத்தின் மேல் நிற்கிறது. ஜாவா 7 முதல் அது எண்களின் அணிக்குக் குயிக்சார்ட் வகை முறை ஒன்றையும், பொருள்களின் அணிக்கு முன்பின் காக்கும் டிம்சார்ட்டையும் கையாள்கிறது.

முன்பின் காப்பதால் என்ன பயன்? 32, 41, 31, 42 என்ற நான்கு எண்களை முதலில் ஒன்றாம் இலக்கத்தால் மட்டும் அடுக்குவோம்: 41, 31, 32, 42. அடுத்துப் பத்தாம் இலக்கத்தால்: 31, 32, 41, 42. இரண்டாம் சுற்று ஒன்றாம் இலக்கத்தைப் பார்க்கவே இல்லை. முதல் சுற்றின் உழைப்பைக் கலைக்காமல் விட்டதே அதன் பங்கு. துளையட்டைகளை ஒவ்வொரு நெடுவரிசையாக, வலமிருந்து இடமாக அடுக்கிய பழைய இயந்திரங்கள் இந்த நம்பிக்கையில்தான் இயங்கின. பெயரால் அடுக்கிய பட்டியலை ஊரால் மறுபடி அடுக்கும் இன்றைய நிரலரும் அதே நம்பிக்கையில்தான் இருக்கிறார், பெரும்பாலும் தாம் அறியாமலே.

முன்பின் எங்கே குலைகிறது என்பது அடுத்த அடுக்கு. டோனி ஹோரின் குயிக்சார்ட், தொலைவில் உள்ள இரண்டை இடம் மாற்றும். அப்படித் தாவும் உறுப்பு, நடுவில் நிற்கும் தன் சமனைக் கடந்துவிடலாம். கடந்ததன் சுவடு எங்கும் பதிவதில்லை. 1945-இல் ஜான் வான் நாய்மன் வகுத்த மெர்ஜ்சார்ட், அடுக்கிய இரு பகுதிகளின் தலைகளை ஒப்பிட்டு இணைப்பது. இரு தலைகளும் சமமானால் இடப்பகுதியிலிருந்து எடு என்ற ஒரே விதி அங்கே முன்பினைக் காக்கிறது. ‘சிறியதோ சமமோ’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘சிறியது’ என்று மட்டும் எழுதினால் வரிசை சரியாகவே வரும், முன்பின் மட்டும் போய்விடும்.

முன்பின் குலைவதன் விளைவைக் குரோம் உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை இயக்கும் வி8 இயந்திரத்தில் காணலாம். அதன் பழைய வடிவம் 10 உறுப்புகள் வரை முன்பின் காக்கும் இன்செர்ஷன் சார்ட்டையும், அதற்கு மேல் குயிக்சார்ட்டையும் பயன்படுத்தியது. பத்துப் பெயரை வைத்துச் சோதித்தவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். பதினொன்றாவது சேர்ந்ததும் கலையக்கூடும். (சோதனைக்காகப் பதினொரு பெயர் எழுதும் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு?) 2018-இல் குரோம் 70 டிம்சார்ட்டுக்கு மாறியது. அம்மொழியின் மறு ஆண்டுத் தரமான எக்மாஸ்கிரிப்ட் 2019 முன்பின் காப்பதைக் கட்டாயமாக்கியது.

எல்லா நூலகங்களும் ஏன் அப்படிச் செய்வதில்லை? நினைவகம்தான் விலை. சி பிளஸ் பிளஸ் மொழியில் வெறும் ‘சார்ட்’ வாக்குறுதி தராது. வேண்டுவோர் ‘ஸ்டேபிள் சார்ட்’ என்று கேட்டுப் பெற வேண்டும், கூடுதல் நினைவகம் கிடைக்காவிட்டால் அதன் ஒப்பீடுகள் பெருகும். ரஸ்ட் மொழி இதைத் திருப்பிப் போட்டது. அங்கே ‘சார்ட்’ என்றாலே முன்பின் காக்கும். வேகம் வேண்டுவோர் ‘அன்ஸ்டேபிள்’ என்ற சொல்லைத் தம் கையால் எழுதியாக வேண்டும். இழப்பவர் அறிந்து இழக்கட்டும் என்ற இந்த ஏற்பாட்டையே நான் விரும்புகிறேன்.

கடைசியாக, இறங்கு வரிசை. ஏறு வரிசையில் அடுக்கித் தலைகீழாக்கினால் போதும் என்று தோன்றும். தலைகீழாக்கினால் சமமானவையும் புரண்டுவிடும். 2002-இல் டிம் பீட்டர்ஸ் பைத்தான் மொழிக்காக டிம்சார்ட்டை வகுத்தபோது, பட்டியலில் இயல்பாகவே இறங்கிச் செல்லும் தொடர்களைக் கண்டால் புரட்டிப் போட வழி செய்தார். ஆனால் ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கண்டிப்பாகச் சிறியதாக இருந்தால் மட்டுமே. சமமான இரண்டு அந்தத் தொடரில் இருந்தால் புரட்டுவதே பிழையாகும். பைத்தானிடம் நேரடியாக இறங்கு வரிசை கேட்டாலோ, அது பட்டியலை முதலில் புரட்டுகிறது, பிறகு அடுக்குகிறது, பிறகு மறுபடி புரட்டுகிறது. சமமானவை இருமுறை புரண்டு, வந்த முறையிலேயே நிற்கின்றன.