கால் துடிக்கட்டும்

முதுகுத்தண்டைத் திறந்து அறுவை செய்யும்போது, நோயாளியின் உடம்பு கல்லாய்க் கிடப்பதே நல்லது என்றுதான் தோன்றும். அதற்கு மருந்தும் உண்டு. தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவிய குரார் நஞ்சின் சாற்றை, 1942-இல் மான்ட்ரியாலில் ஹெரால்ட் கிரிஃபித் மயக்க மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார். தசைகள் தளர்ந்தன, குடல்வால் அறுவை எளிதாக முடிந்தது. இன்றைய தசைத்தளர்த்தி மருந்தான ரோகுரோனியமும் அந்த வழியில் வந்ததுதான். ஊசி ஏறிய ஓரிரு நிமிடத்தில் நரம்பு சொல்வது தசைக்கு எட்டாமல் போகிறது.

முதுகு அறுவையில் அந்த அமைதியை நம்ப முடியாது. கோணிய முதுகை நிமிர்த்தும்போது தண்டுவடம் இழுபடலாம், ரத்த ஓட்டம் குறையலாம். மருந்தால் அசையாத காலும், நரம்பு நசுங்கி அசையாத காலும் பார்வைக்கு ஒன்றுதான்.

1973-இல் பிரான்சின் ஸ்டாக்னாரா குழுவினர் எழுதிய சோதனையை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. அறுவையின் நடுவே மயக்கத்தைக் குறைத்து, முதுகு திறந்தபடி இருக்க, நோயாளியிடமே கேட்டார்கள். முதலில் கையை அசைக்கச் சொன்னார்கள். பிறகு காலை. கை அசைந்து கால் அசையாவிட்டால், முதுகை நிமிர்த்தப் பூட்டிய கம்பியைத் தளர்த்த வேண்டும்.

இப்போது பல இடங்களில் எழுப்பாமலே கேட்கிறார்கள். உச்சந்தலையில் மின்துடிப்பு கொடுத்தால், அது தண்டுவடம் வழியே இறங்கிக் காலைத் துடிக்கவைக்கிறது. தாடையும் இறுகும், நாக்கு கடிபடாமலிருக்கப் பற்களுக்கிடையே துணிச்சுருள் வைப்பார்கள். ஆனால் தசைத்தளர்த்தி மருந்து உடம்பில் நிறைந்திருந்தால் இந்தப் பதில் வராது. அதனால் சுவாசக் குழாய் செருகும்போது மட்டும் அதைக் கொடுத்து, பின் கரைய விடுகிறார்கள். தூக்கத்தையும் வலியின்மையையும் புரொபோஃபாலும் வலிநீக்கி மருந்துகளும் சொட்டுச் சொட்டாகக் காக்கின்றன.

பேச முடியாதவருக்கு மிஞ்சிய ஒரே பேச்சு அந்தத் துடிப்பு. அடங்கிக் கிடக்கும் உடம்பைப் பத்திரமான உடம்பு என்று நாம் எவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறோம்! தனக்கு நேரும் தீங்கைச் சொல்ல அதற்கு இடம் விட்டிருக்கிறோமா என்று கேட்பதில்லை.

கம்பி ஒரு சுற்று இறுகுகிறது. மருத்துவரின் கை நிற்கிறது. மின்துடிப்பு இறங்குகிறது. போர்வைக்கடியில் கால் பெருவிரல் வெடுக்கென்று துள்ளுகிறது. கை அடுத்த திருகாணிக்குப் போகிறது.