கணக்கு வெளிச்சத்தில், முகம் மறைவில்

'கொடு' என்று சொல்வதோடு இஸ்லாம் நின்றுவிடவில்லை. எதைக் கொடுக்க வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும், கொடுத்த பின் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையெல்லாம் கற்றுத் தந்திருக்கிறது. இந்த ஒழுக்கங்கள் தனி மனிதர் தரும் ஸதகாவுக்கு மட்டுமே உரியவை என்று நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். நாற்பது மாணவர்கள் ஒன்றுகூடி உண்டியலோடு கடைத்தெருவில் இறங்கும்போதும், சேர்த்த பொருளை ஒரு குடிசை வாசலில் கொண்டுபோய் வைக்கும்போதும் அதே ஒழுக்கங்கள் பொருந்தும் என்பதைச் சிந்திக்கத் தவறிவிடுகிறோம். அதைப் பற்றியே இங்கு சில சொற்கள்.

பழைய தஞ்சை மாவட்டத்தின் ஊர்களில் இன்று மாணவர் தொண்டு அமைப்பு இல்லாத கல்லூரியைக் காண்பது அரிது. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். ஏழு நாள் கிராம முகாமிலும் கலந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1957-ல் தோன்றிய லியோ சங்கமும், 1968-ல் தோன்றிய ரோட்டராக்ட் சங்கமும், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கமும் நம் கல்லூரிகளுக்குள் வந்து சேர்ந்தன. திருச்சியில் 1951-ல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி, அதிராம்பட்டினத்தில் 1955-ல் தொடங்கிய காதிர் முகைதீன் கல்லூரி போன்ற நம் சமுதாயக் கல்வி நிலையங்களின் பிள்ளைகளும் இப்பணியில் முன்நிற்பவர்களே. இரத்ததானம், கண் சிகிச்சை முகாம், மரக்கன்று நடுதல், வாய்க்கால் சுத்தம் செய்தல், இயற்கைச் சீற்றம் வந்தால் நிதி திரட்டுதல் என்று அவர்கள் செய்யும் பணிகள் பல.

இவர்களைப் பார்த்து நம் பெரியவர்கள் இரண்டு ஆட்சேபங்களை எழுப்புகிறார்கள். 'சான்றிதழுக்காகவும் மதிப்பெண்ணுக்காகவும் செய்வது தொண்டாகுமா?' என்பது ஒன்று. 'தர்மம் இரகசியமாக அல்லவா இருக்க வேண்டும்? ஊரறிய உண்டியல் குலுக்குவது ரியா ஆகாதா?' என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. இரண்டுக்கும் விடை தேடுவோம்.

சான்றிதழும் நிய்யத்தும்

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஹதீஸ் தொகுப்பின் முதல் ஹதீஸாக வைத்திருப்பது நிய்யத்தைப் பற்றியது. செயலின் மதிப்பு எண்ணத்தில் இருக்கிறது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. சான்றிதழை மட்டுமே நாடிச் சென்றவனுக்குக் கிடைப்பதும் சான்றிதழ் மட்டுமே.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையைத் தொழச் சொல்லி ஏவுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். அந்த வயதில் அது வாப்பாவின் முகத்துக்காகவே தக்பீர் கட்டும். அதற்காக, 'இக்லாஸ் வந்த பிறகு தொழட்டும்' என்று நாம் விட்டுவிடுவதில்லை. கைகால்கள் முதலில் பழகட்டும், கல்பு பின்னால் வந்து சேரும் என்று காத்திருக்கிறோம். பதினெட்டு வயதில் மதிப்பெண்ணுக்காக மண்வெட்டி பிடித்த மாணவன், தூர்ந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைக் கண்ட அன்று வேறு எண்ணத்தோடு வீடு திரும்பக்கூடும். நிய்யத்தின் கணக்கைப் பார்க்க அல்லாஹ் போதுமானவன். வழியில் நின்று பிறர் நெஞ்சைத் துழாவும் வேலையை அவன் நம்மிடம் ஒப்படைக்கவில்லை.

ஊரறியக் கேட்பது கூடுமா?

இரண்டாவது கேள்விக்கு ஸஹீஹ் முஸ்லிமில் ஜரீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சியே விடையாகும். முளர் கோத்திரத்தார் சிலர் அரைகுறை ஆடையுடன் மதீனா வந்தார்கள். அவர்களுடைய வறுமையைக் கண்டதும் அண்ணலாரின் திருமுகம் மாறியது. பிலால் (ரலி) பாங்கு சொன்னார்கள், தொழுகை முடிந்தது, நபியவர்கள் எழுந்து நின்று மக்களிடம் உதவி கோரினார்கள். ஓர் அன்ஸாரித் தோழர் கை கொள்ளாத கனத்தில் ஒரு பையைச் சுமந்து வந்தார். அவரைப் பார்த்து ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் கொண்டு வந்தார்கள். உணவு ஒரு குவியல், துணி ஒரு குவியல் என்று சேர்ந்தபோது அந்தத் திருமுகம் ஒளிவீசியது.

பள்ளிவாசலில், பட்டப்பகலில், பலர் முன்னிலையில் நடந்த வசூல் அது. ஒருவர் கொடுப்பதைப் பார்த்து மற்றவர் கொடுப்பது அங்கே பாராட்டப்பட்டது. அல்பகரா அத்தியாயத்தின் 271-வது வசனமும் வெளிப்படையாகத் தருவதை நல்லது என்றும், ஏழைகளுக்கு மறைவாகத் தருவதை அதைவிட மேலானது என்றும் சொல்கிறது. எனவே உண்டியல் ஏந்துவதில் தவறில்லை. அப்படியானால் தவறு எங்கே நுழைகிறது? கொடுப்பவர் பக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டு, வாங்குபவரை மறந்துவிடும் இடத்தில்தான்.

நாகையில் குவிந்த துணிகள்

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்தது. தமிழகத்திலேயே மிகுந்த இழப்புக்கு ஆளானது நாகப்பட்டினம் மாவட்டம். அங்கே மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். நாகூர் தர்கா தன் நிலத்தில் சாதி மதம் பாராமல் மய்யித்துகளை அடக்கம் செய்ய இடம் தந்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கல்லூரிகளும் சங்கங்களும் லாரி லாரியாகப் பொருள்களை அனுப்பின. அவற்றில் பெரும் பங்கு பழைய துணிகள். என்ன நடந்தது? அந்தத் துணிகள் சாலையோரங்களில் மலைபோல் குவிந்து, மழையிலும் வெயிலிலும் கிடந்து வீணாயின. மீனவ மக்கள் அவற்றைத் தொட விரும்பவில்லை. முந்திய நாள்வரை சொந்தப் படகும் வலையும் வைத்துப் பிழைத்தவர்கள் அவர்கள். பிறர் உடுத்திக் களைந்ததை உடுத்த அவர்கள் மானம் இடம் கொடுக்கவில்லை.

திரட்டிய மாணவர்கள் வீடு வீடாக அலைந்தார்கள், வியர்வை சிந்தினார்கள். எண்ணத்தில் பழுதில்லை. ஆனால் 'இது அவர்களுக்கு வேண்டுமா?' என்ற கேள்வி எங்கும் கேட்கப்படவில்லை. நமக்கே தந்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்ற நிலையிலுள்ள மட்டமான பொருளைத் தேடி எடுத்துத் தர்மம் செய்யாதீர்கள் என்று அல்பகராவின் 267-வது வசனம் எச்சரிக்கிறது. அந்தக் குவியல்களே இந்த வசனத்துக்கு விளக்கவுரையாகச் சாலையோரத்தில் கிடந்தன.

கேளாதவர்கள்

2018-ஆம் ஆண்டு நமக்கு இன்னொரு பாடம் தந்தது. ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது நம் மாணவர்கள் அரிசியும் பாயும் போர்வையும் திரட்டி அனுப்பினார்கள். மூன்றே மாதத்தில், நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஓரிரவில் சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து, கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. இப்போது கேரளத்திலிருந்து நமக்குப் பொருள் வந்தது. மின்வாரிய ஊழியர்களும் வந்தார்கள். கொடுத்த கை ஏந்தும் கையாக மாற மூன்று மாதம் போதுமாக இருந்தது! நாம் ஒருவருக்குக் கொடுக்கும் விதம், நாளை நமக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்று நாம் விரும்பும் விதமாக இருக்கட்டும்.

அந்த நாள்களில் நிவாரண லாரிகள் பெரும்பாலும் தார்ச்சாலை ஓரத்திலேயே நின்றன. உள்ளே இருந்த குக்கிராமங்களுக்கு எட்டியது குறைவு. லாரி போய்ச் சேர்ந்த ஊரிலும் கையேந்த வராத குடும்பங்கள் இருந்தன. இரண்டு ஏக்கர் தென்னையும் ஓட்டு வீடும் உள்ளவர் வரிசையில் வந்து நிற்பாரா? ஊர் கண்ணுக்கு அவர் தோப்புக்காரர். ஆனால் தென்னை மறுபடி காய்க்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது பயிரிட்டவருக்குத்தான் தெரியும். தன்மானத்தால் கேளாமல் இருப்பதைக் கண்டு, அறியாதவர்கள் செல்வர் என்று எண்ணிக்கொள்ளும் ஏழைகளைத் தேடிக் கொடுக்குமாறு அதே அத்தியாயத்தின் 273-வது வசனம் நமக்குச் சொல்கிறது. இப்படிப்பட்டவரைப் புகைப்படத்துக்கு நிற்கச் சொன்னால் என்ன ஆகும்? அவர் வாங்கவே மாட்டார். வாங்கினாலோ, அந்தப் படம் கைபேசிக்குக் கைபேசி தாவி, அவருடைய மகளைப் பெண் பார்க்க வருபவர் கைவரை போய்விடும்.

ஐந்து கிலோ அரிசியைப் பத்துப் பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு, நடுவே ஒரு மூதாட்டியைக் குனிய வைத்து எடுக்கும் படங்களை நாம் காணத்தான் செய்கிறோம். சொல்லிக்காட்டியும் மனதை நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்கிவிடாதீர்கள் என்று 264-வது வசனம் தடுக்கிறதே, வாயால் சொல்லிக்காட்டினால்தான் அது சொல்லிக்காட்டுதலா? ஒரு படம் ஓராயிரம் தடவை சொல்லிக்காட்டும்.

மய்யித்தைக் குளிப்பாட்டுபவர், தாம் கண்ட குறையை வெளியே சொல்லக்கூடாது என்பது நம் வீட்டுச் சிறுவருக்கும் தெரிந்த சட்டம். இறந்துபோனவரின் மறைவுக்கு இவ்வளவு கண்ணியம் தந்த மார்க்கம், உயிரோடு இருப்பவரின் இல்லாமையை ஊருக்குக் காட்ட அனுமதிக்குமா?

ஹுசைன் (ரலி) அவர்களின் மகனார் இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்கள், மதீனாவில் இரவு நேரங்களில் ரொட்டி மூட்டையைத் தம் முதுகில் சுமந்து சென்று ஏழைகளின் வாசலில் வைத்துவிட்டு வருவார்களாம். அவர்கள் வஃபாத்தான பிறகு, மூட்டை வருவது நின்றபோதுதான், கொண்டுவந்தவர் யார் என்று அந்த வீட்டாருக்கே தெரிந்தது என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. முதுகில் இருந்த சுமைத் தழும்புதான் அவர்களுக்குக் கிடைத்த சான்றிதழ்!

காட்ட வேண்டியது எது?

'படம் போடாவிட்டால் யார் நிதி தருவார்கள்? பணம் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் வேண்டாமா?' என்று மாணவத் தம்பிகளும் தங்கைகளும் கேட்கலாம். ஆதாரம் வேண்டும்தான். பொது நிதி என்பது அமானத். ஜகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய ஒருவர், இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துச் சொன்னபோது, நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி நின்று அதைக் கண்டித்தார்கள். பொதுப்பணத்தின் கணக்கை அவர்கள் தனி அறையில் பேசி முடிக்கவில்லை. ஊர் முன்னால் பேசினார்கள்.

ஆகவே வெளிச்சத்தில் வைக்க வேண்டியது கணக்கு. மறைவில் வைக்க வேண்டியது வாங்குபவரின் முகம். இன்று பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. முகங்கள் சுவரொட்டியிலும் கைபேசியிலும் இருக்கின்றன. கணக்கு எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

இதைச் சீர்செய்வது கடினமன்று. உண்டியலை முத்திரையிட்டு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு பொறுப்பாளர்கள் முன்னிலையில் திறந்து எண்ணுங்கள். வரவு எவ்வளவு, லாரி வாடகை எவ்வளவு, எத்தனை குடும்பங்களுக்கு என்ன தரப்பட்டது என்பதைக் கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் பள்ளிவாசல் வாசலிலும் எழுதி ஒட்டுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். படம் வேண்டுமென்றால் தூர்வாரிய வாய்க்காலைப் படமெடுங்கள். வேய்ந்து முடித்த கூரையை, நட்ட கன்றை, அடுக்கிய அரிசி மூட்டையைப் படமெடுங்கள். கொடுத்தவருக்கு அது போதுமான ஆதாரம்.

சம்பா அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நெல் கேட்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தருபவர் அதை ஜகாத்தாகவோ விளைச்சலின் உஷ்ராகவோ நிய்யத் செய்து தருகிறாரா, பொதுவான ஸதகாவாகத் தருகிறாரா என்று கேட்டுத் தனித்தனியே வையுங்கள். ஜகாத்துக்கு உரிய எட்டு வகையினரைத் தவ்பா அத்தியாயத்தின் 60-வது வசனம் வரையறுத்துவிட்டது. அந்தப் பணத்தில் மேடையும் பதாகையும் போட வழியில்லை. ஐயம் வந்தால் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு கடமை உண்டு. மாணவர்களுக்கு ஓடும் கால் இருக்கிறது; எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்ற விவரம் இல்லை. அது மஹல்லாப் பெரியவர்களிடமும் அதைவிட அதிகமாக நம் பெண்களிடமும் இருக்கிறது. சோறாக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து மத்ரஸாவுக்குத் தந்து பழகியவர்கள் அவர்கள். யார் கொடுத்த பிடி, யார் உண்ட பிடி என்று எவரும் கேட்டதில்லை. பானை நிறைந்தது, பிள்ளைகள் ஓதினார்கள். அந்தப் பெண்களிடம் கேட்டுப் பட்டியல் எழுதுங்கள். முஸ்லிம் வீடு, பிற சமயத்தார் வீடு என்ற வேறுபாடு பொதுத் தொண்டில் வேண்டாம். பட்டியல் இருவர் கையில் இருக்கட்டும். பொருள் மஃரிபுக்குப் பின், வீடு தேடிப் போகட்டும்.

கொடுக்கப் பணமில்லாத ஏழை மாணவனும் இதில் குறைந்தவன் அல்லன். ஒன்றுமில்லாதவர் என்ன செய்வார் என்று தோழர்கள் கேட்டபோது, உழைத்துக் கொடுப்பதையும், துன்பத்தில் இருப்பவருக்கு உதவுவதையும், நல்லதை ஏவுவதையும் ஒவ்வொன்றாகக் காட்டிய நபியவர்கள், எதுவும் இயலாவிட்டால் தீங்கு செய்யாமல் விலகியிருப்பதும் ஸதகாவே என்று முடித்தார்கள். அரிசிப் பையை வைத்துவிட்டு, கைபேசியைச் சட்டைப் பையிலேயே விட்டுத் திரும்பி நடக்கும் மாணவன், அந்த வாசலில் இரண்டு ஸதகா செய்கிறான்.

கொடுப்பவரின் எண்ணத்தையும் வாங்குபவரின் மானத்தையும் ஒருசேரக் காக்கும் தொண்டர்களாக நம் பிள்ளைகளை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.