கல்லெடுத்த மலையும் கன்மமும்

தனு கரண புவன போகங்கள் நான்கும் உயிர்களின் பொருட்டு மாயையினின்றும் இறைவனாற் படைத்தளிக்கப்பட்டன என்பது சைவ சித்தாந்தத் துணிபு. இதனை ஓதாத சைவர் இலர். ஆயின், அளிக்கப்பட்ட பொருளை உயிர் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம், எடுத்தபின் எஞ்சிநிற்கும் வெறுமைக்குக் கடன்பட்டவர் யாவர் என்னும் வினாவை நம்மவர் மிகுதியும் ஆராய்ந்திலர். அண்மையில் திரிசூலத்திற்குச் சென்று மீண்டபின் இவ்வினா எம்மை விட்டகலவில்லை.

தாம்பரத்தினின்றும் சென்னை நோக்கிச் செல்லும் மின்வண்டியில் குரோம்பேட்டை, பல்லாவரம் கடந்தவுடன் திரிசூலம் என்னும் நிலையம் வரும். அங்கிறங்கினோரிற் பெரும்பாலார் விமான நிலையத்தை நோக்கி விரைவர். எதிர்ப்புறமாகத் திரும்பி மலைப்பக்கம் நடப்போர் சிலரே. அம்மலைகளின் நடுவே திரிசூலநாதர் திரிபுரசுந்தரியம்மையோடு எழுந்தருளியிருக்கின்றார். சூழ்ந்த நான்கு மலைகளும் நான்மறைகளே என்பர் தலவரலாறு கூறுவோர். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் இவ்வூர்ப்பெயர் திருச்சுரம் என்றும், பெருமான் பெயர் திருச்சுரமுடைய நாயனார் என்றும் காணப்படுகின்றன. சுரமாவது பாலை நிலத்து அருநெறி. பெயரிட்டோர் கருத்து யாதாயினும் ஆகுக; இன்று அம்மலைச்சரிவுகளைக் காண்போர்க்கு அப்பெயர் நெஞ்சிற் சுருக்கென்று தைக்கும். மறையென்று போற்றப்பட்ட மலையின் ஒருபக்கம் செங்குத்தாக அறுக்கப்பட்டுக் கிடக்கின்றது, அடியிற் கரும்பச்சை நீர் தேங்கிய கல்குட்டை, கரையில் முட்புதர். பல்லாவரம், பம்மல், நன்மங்கலம் முதலிய சுற்றுப்புறங்களிலும் இத்தகைய குழிகள் பல. நகரம் நெருங்கி வர வர வெடியோசை ஓய்ந்தது, எடுத்தவர் சென்றனர், குழி நின்றது.

இவ்வாறு எடுத்துவிட்டு நீங்கிய இடங்கள் உலகெங்கும் உள. ஆப்பிரிக்காவின் நமீபு பாலையிலே வைரம் எடுத்த கோல்மான்சுக்கோப்பு என்னும் ஊரை 1956-இல் மக்கள் முற்றும் துறந்தனர். இன்று அவ்வீடுகளின் கூடத்தில் மணலே குடியிருக்கின்றது. நம்மவர் உழைத்த கோலார்த் தங்கவயலில் 1880-இல் ஆங்கிலக் குழுவினர் சுரங்கந் தொடங்கினர். வடவார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ் ஏழைமக்கள், மேலோர் எனப்பட்டோரால் ஒதுக்கப்பட்டவர்களே அவர்களுட் பலர், 3 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழம்வரை இறங்கிப் பொன்னெடுத்தனர். 2001 பிப்பிரவரி 28-ஆம் நாள் அச்சுரங்கம் மூடப்பட்டது. பொன் போன இடம் பலர்க்குத் தெரியும். எஞ்சிய சயனைடு மண்மேட்டின் தூசி யார் வீட்டில் விழுகின்றது என்பது அங்குள்ளார்க்கே தெரியும்.

பொன்னும் வைரமும் போலப் பெருமை பேசப்படாத கருங்கல்லே எம் வினாவிற்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. அதனையும் எளிதென்று எண்ணற்க. பரங்கிமலை, பல்லாவரத்து மலைகளின் கல் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு முதுமையுடையது. கல்கத்தாவில் யோபு சார்னாக்கு என்பாரின் கல்லறையில் இவ்வினக் கல் பதிக்கப்பட்டிருத்தலைக் கண்டு, ஆலந்து என்னும் அறிஞர் 1893-இல் இதற்குச் சார்னோக்கைட்டு என்று பெயரிட்டார். ஊழிகளைக் கண்ட மலைக்கு நேற்றிறந்த ஒரு வணிகர் பெயர் வாய்த்தது! நிற்க. 1863 மே 30-ஆம் நாள் இராபர்ட்டு புருசு பூட்டு என்பார் இப்பல்லாவரத்துச் சரளைக்குழி ஒன்றிலேதான் பழங்கற்கால மாந்தனின் கற்கருவியைக் கண்டெடுத்தார். அத்தகைய கருவிகள் வடக்கே அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுக்கு முற்பட்டனவாக 2011-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. எனவே இந்நிலத்திற் கல்லை எடுத்து வாழ்தல் இன்று நேற்றுத் தொடங்கியதன்று. எடுத்தலே பாவமென்பார் முதலில் அம்முன்னோனைப் பழித்தல் வேண்டும்.

பல்லாவரத்து மலையிலே முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்றுளது. அவன் விருதுப்பெயர்கள் அதில் வெட்டப்பட்டுள்ளன. இன்று அது இசுலாமியரின் வழிபாட்டிடமாக விளங்குகின்றது. ஈண்டு ஒன்று உற்று நோக்கற்பாலது. குகை குடைந்த தச்சனும் மலையினின்று கல்லை எடுத்தான். கல்குவாரி வைத்தவனும் எடுத்தான். முன்னவனுக்கு எடுத்த கல் கழிவு, நின்ற வெளியே பயன். பின்னவனுக்கு எடுத்த கல் பயன், நின்ற வெளி கழிவு. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேலாகியும் முன்னவன் விட்ட வெளியில் மக்கள் கைகூப்பி நிற்கின்றனர். பின்னவன் விட்ட வெளியிலோ, நீந்தப்போன இளஞ்சிறார் மூழ்கி இறந்தனர் என்ற செய்தியே ஆண்டுதோறும் வருகின்றது.

கல்குட்டைக் கரையில் ஆடு மேய்த்திருந்த மூதாட்டி ஒருவர் இளமையில் அங்கு ஜல்லி உடைத்தவர். பாறையில் துளையிட்டு மருந்து கெட்டித்துத் திரி வைப்பர். வெடித்து வீழ்ந்த பாளத்தை ஆடவர் சம்மட்டியாற் பிளப்பர். பெண்டிரும் பிள்ளைகளும் ஓலை நிழலில் அமர்ந்து சிறு சுத்தியால் ஜல்லியாக்குவர். முன்பணம் வாங்கிய குடும்பம் அக்கடன் தீருமளவும் வேறிடம் பெயர்தலரிது. கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சட்டம் மலையடிவாரத்தை அடைதற்கு நெடுநாளாயிற்று. இம்மலைக்கல்லிற் படிகமணல் உண்டு, அதன் தூசி நுரையீரலிற் படிந்தால் மூச்சை இறுக்கும், பிறகு அகலாது. அவர் கணவர் இருமி இருமியே இறந்தனராம். "இவ்வளவு பெரிய மலை எங்கே போயிற்று, அம்மா?" என்று வினவினோம். "நீங்கள் நடந்துவந்த சாலையிலேதான் கிடக்கிறது, ஐயா" என்றார்.

நூல்வழி நோக்கின் அவர் விடை பொருத்தமானதே. உள்ளது இன்மையாகாது, காரியம் காரணத்தில் ஒடுங்கும் அல்லது வேறொரு காரியமாய் நிற்கும். மண் குடமாயினாற்போல மலை சாலையாயிற்று, வீட்டுச் சுவராயிற்று, இருப்புப்பாதையின் கீழ்ப் பரப்பிய ஜல்லியாயிற்று. சற்காரியவாதத்திற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு எளிதிற் கிட்டாது. ஆயினும் குடத்தைச் செய்த குயவனைப் பேசும் நாம், மண்ணெடுத்த குழியைப் பேசுவதில்லை.

அற்றேல், அவர் கணவர் துன்பம் அவர் செய்த வினைப்பயன். அதில் நமக்கென்னை என்பார் உளர். இவ்வுரை சைவர் வாயில் அடிக்கடி வருதலால் இதனைச் சிறிது ஆராய்வாம். ஓருயிர் நுகர்வது அதன் பிராரத்தம் என்பது மெய். ஆயின் அந்நுகர்ச்சிக்குக் கருவியாய் நின்றவன் அப்பொழுது செய்யும் செயல் அவனுக்கு ஆகாமியமாதல் மறுக்கப்படாது. வினை சடமாதலின் தானே சென்று பொருந்தாது; பொருத்துவோன் இறைவன். அவ்வதிகாரத்தைக் கூலி குறைத்துக் கொடுத்தவனும் குறைந்த விலைக்குக் கல் வாங்கியவனும் தமக்கு வழங்கப்பட்டதாகக் கொள்ளுதல் என்ன நியாயம்? அந்நியாயம் பொருந்துமாயின் கள்வனும் குற்றமிலனாவான். திருநாவுக்கரசரைக் கல்லிற் பிணித்துக் கடலில் எறிவித்த பல்லவனும் அவர் வினையை ஊட்டிய நல்லோனாவான். அவ்வாறு கூறிய சைவர் ஒருவரேனும் உளரோ? அவ்வரசன் பின்னர்த் தன் பிழை உணர்ந்து அவரடி பணிந்தான் என்றே திருத்தொண்டர் புராணம் கூறும். அவனே மகேந்திரவர்மன் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து.

"யாம் அறியேம், கடையில் விற்றது, வாங்கினோம்" என்பார்க்குச் சொல்லுதல் சற்று அரிது. அறியாது செய்தது அறிந்து செய்ததனோடு ஒக்காது, அது மெய்யே. எனினும் உள்ளதைக் காணவொட்டாது மறைத்தல் ஆணவமலத்தின் தொழில் என்று நாள்தோறும் படிக்கும் நாம், அறியாமையை விலக்காகக் காட்டுதல் எங்ஙனம்? நோயாளன் தன் நோயையே மருந்தென்று காட்டியதாக முடியும். எம்மையும் சேர்த்தே கூறுகின்றோம்; யாம் குடியிருக்கும் வீட்டின் கடைக்காலில் எம்மலையின் கல் உளது என்று முப்பது ஆண்டாக ஒருமுறையும் வினவியதில்லை.

கல்லெறிந்தே வழிபட்ட சாக்கிய நாயனாரைக் காட்டி, மனம் நன்றாயிற் செயல் எதுவாயினும் ஆகுக என்பாருமுளர். அவர் எறிந்த கல் பெருமான் மேற் பட்டது. பிறன் வயிற்றில் அடித்திலது. இனித் திருநின்றவூர்ப் பூசலார் கல்லும் மரமும் எல்லாம் மனத்திலேயே தேடிக் கோயில் எடுத்தார். அந்நாளிலே காஞ்சியிற் காடவர் கோமான் கற்றளி எடுத்தான். இறைவன் அவ்வரசனுடைய கற்றளியை வேண்டாவென்றிலர். அன்பன் கோயிலுக்கு முதலிற் செல்வதாகலின் வேறொரு நாள் கொள்க என்றனர். ஆகவே கல்லிற் கட்டுதல் விலக்கன்று. கல் வந்த வழியை அறியாத அரசனைக் காட்டிலும், ஒவ்வொரு கல்லையும் நினைந்து நினைந்து அடுக்கிய வறியவர் முற்படுகின்றார் என்பதே யாம் கொள்ளும் பொருள். வேறு பொருள் கொள்வார் எழுதியனுப்பின் மகிழ்வேம். இக்காலத்துத் திருப்பணிக் குழுவினர் தளவரிசைக் கல்லுக்கு விலைப்பட்டி கேட்கும்பொழுது, உடைத்தவர்க்குக் கூலி என்ன என்றும் ஒரு வரி கேட்கலாம். செலவு சிறிது கூடும்.

இவ்வரலாறுகளைப் பாடிய சேக்கிழார் பெருமான் பிறந்த குன்றத்தூர்க்கு அணித்தே சிக்கராயபுரத்திலும் கைவிடப்பட்ட கல்குட்டைகள் பல உள. 2017-ஆம் ஆண்டு ஏரிகள் வற்றிச் சென்னை நாவறண்டபொழுது, அக்குழிகளில் மழை நிரப்பி வைத்திருந்த நீரையே தூய்மைசெய்து குழாய்வழி நகருக்கு விட்டனர், 2019-இலும் அவ்வாறே. கழிவென்று விட்டது குடிநீராயிற்று. திரிசூலத்துக் குட்டையின் நீரை அம்மூதாட்டியின் ஆடுகள் குடித்துக்கொண்டிருந்தன. கோயிலில் உச்சிக்கால மணி அடித்தது. அவர் ஆடுகளை எண்ணிக்கொண்டு எழுந்தார்.