அடுத்த டோக்கனுக்குத் தெரிந்த கதை

அரசு மருத்துவமனை ஓ.பி. வாசல் பெஞ்சில் காலை நேரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். யாருக்கு என்ன உபாதை, எப்போது ஆரம்பித்தது, எதைச் சாப்பிட்டால் கூடுகிறது, எந்த மருமகள் வந்த பிறகு பிபி ஏறியது என்று அத்தனையும் அங்கே பேசி முடிந்துவிடும். அதே ஆள் உள்ளே போய், "என்னம்மா?" என்ற கேள்விக்கு, "தலை சுத்துது டாக்டர்" என்பார். பேனா ஓட ஆரம்பித்துவிடும். மறு நிமிடம் சீட்டும் கையுமாக வெளியே நிற்பார். நோயின் முழுக் கதையும் தெரிந்தவர் அடுத்த டோக்கன்காரர்தான். அவருக்கு வைத்தியம் தெரியாது என்பதுதான் சங்கடம். தனியார் மருத்துவமனையிலும் இதே கதைதான், ஏசி கூடுதல்.

எங்கள் பெரியம்மாவுக்கு வெகுநாளாக பிபி. எப்போது போனாலும் அளவு ஏறியே இருக்கும், மாத்திரையின் வீரியத்தைக் கூட்டி அனுப்புவார்கள். "ஒழுங்கா மாத்திரை போடறீங்களா?" "போடறேன் சார்." அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. கொடுத்ததில் ஒன்று தண்ணி மாத்திரை. உடம்பிலிருக்கும் உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றி அழுத்தத்தைக் குறைப்பது அதன் வேலை. போட்ட சில மணி நேரத்துக்கு அடிக்கடி எழுந்து போக வேண்டிவரும். பெரியம்மாவோ விடியற்காலையில் பஸ் ஏறி டவுனுக்குப் போய்ப் பூ வாங்கி வந்து விற்பவர். வழியில் ஒரு பெண் ஒதுங்க இடம் கிடையாது. பஸ் நிலையக் கழிப்பறையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அதனால் பஸ் ஏறும் நாட்களில் அந்த மாத்திரை மட்டும் அட்டையிலேயே இருந்துவிடும். மருத்துவமனைக்கு வருவதும் பஸ்ஸில்தானே! ஆக, இத்தனை காலம் டாக்டர் அளந்து பார்த்ததெல்லாம் மாத்திரை போடாத நாளின் பிபி.

இதை வெளியே கொண்டுவந்தது ஸ்கேனோ ஈசிஜியோ இல்லை. புதிதாக வந்த ஒரு இளம் டாக்டரம்மா, "காலையில எந்திரிச்சதுலேர்ந்து என்னென்ன பண்ணுவீங்கம்மா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். பெரியம்மா தண்ணீர் பிடிப்பதில் ஆரம்பித்தார். பூக்கடை, பஸ், நடத்துனரோடு சில்லறைச் சண்டை என்று சுற்றிக்கொண்டு மாத்திரைக்கு வந்துசேர்ந்தார். அந்த மாத்திரையைத் திரும்பி வந்த பிறகு மத்தியானத்தில் போடச் சொன்னார் டாக்டரம்மா. முன்பே ஏன் சொல்லவில்லை என்று வீட்டில் கேட்டதற்கு, "ஆம்பள டாக்டர்கிட்ட இதையெல்லாம் எப்படிடா சொல்றது" என்றார் பெரியம்மா.

நோயாளி பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்ற பயம் டாக்டர்களுக்கு உண்டு. 1984இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் 74 சந்திப்புகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே பேசிவிட்டார். குறுக்கிடாமல் விட்டால் என்ன ஆகும் என்று சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையில் பார்த்தார்கள்; 2002இல் முடிவு வெளியானது. 335 நோயாளிகள் தாங்களாகவே பேசி முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக 92 விநாடி. அந்தப் பேச்சுக்கு மதிப்பு என்ன என்பதை அதற்கு முன்பே, 1975இல், பிரிட்டனில் ஹாம்ப்டனும் சகாக்களும் காட்டியிருந்தார்கள். புதிதாக வந்த 80 புறநோயாளிகளில் 66 பேருக்கு, நோயாளி சொன்னதையும் பரிந்துரைக் கடிதத்தையும் வைத்தே நோயைச் சரியாகக் கணிக்க முடிந்தது.

நம் ஊரில் குறுக்கிடுவது டாக்டர் மட்டுமில்லை, கூட வருகிறவர்களும்தான். அம்மா வாயைத் திறப்பதற்குள் மகன், "ஒண்ணுமில்ல டாக்டர், கேஸ் டிரபிள்" என்பார். டாக்டர் அவர் பக்கம் திரும்புவார். பேச்சு ஆங்கிலத்துக்கு மாறும். யாருக்கு உடம்பு சரியில்லையோ அவர் நடுவில் பார்சல்போல உட்கார்ந்திருப்பார். கேஸ் என்பது வீட்டில் கூடி முடிவுசெய்த வியாதி. மாரடைப்பு எல்லோருக்கும் சினிமாவில் வருவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் முதுகு வலியாக, தாடை வலியாக, மூச்சு வாங்கலாக, வெறும் அசதியாகக்கூட வரும். "ரெண்டு நாளா மாடிப்படி ஏற முடியல" என்ற ஒரு வாக்கியம் அந்த அம்மாவிடம் மட்டும்தான் இருக்கிறது. மகனை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லும் டாக்டர்மேல் எனக்குத் தனி மரியாதை.

டாக்டர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வில், ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்கும் நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கும் மேல், பங்களாதேஷில் 48 விநாடி, இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். அதில் 92 விநாடியைப் பேச்சுக்குக் கொடுத்துவிட்டால், தொட்டுப் பார்த்துச் சீட்டு எழுத அரை நிமிடம்கூட மிஞ்சாது. பொறுமையாகக் கேளுங்கள் என்று உபதேசம் செய்துவிட்டுப் போவது சுலபம். மேசையில் சீட்டு குவிந்து கிடக்கிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் டாக்டர்கள் வேண்டும் என்று அரசாங்கத்திடம்தான் கேட்க வேண்டும்.

அதுவரைக்கும் கைக்கெட்டிய ஒரு வழி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபிக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவரும் தன்னார்வலர்கள் பெண்கள், பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள். பெரியம்மா போன்றவர்கள் அவர்களிடம் கூச்சமில்லாமல் பேசுவார்கள். போன மாத அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்பதும் அவர்கள் கண்ணில் படும், ஏன் மிச்சம் என்பதும் காதில் விழும். அடுத்த முறை ஓ.பி. போகும்போது அந்த ஏன் ஒரே ஒரு வரியாகச் சீட்டில் எழுதப்பட்டிருந்தால், டாக்டர் அதைப் படிக்க 10 விநாடி ஆகுமா?